குளிர் என்னும் விடை: வட நோர்வேயின் மீன்பிடி ஊர்களில் ஈழத்தமிழரின் அன்றாட வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

1980களின் நடுப்பகுதி தொடங்கி ஈழத்தமிழர் பலர் நோர்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின் மீன்பிடி ஊர்களில் குடியேறினர். மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் பல ஆண்டுகள் உழைத்தபின் அவர்களுள் மிகப் பலர் தெற்கே ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தனர். இவ்விடப்பெயர்வுக்குக் குளிரே காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. குளிர் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்றாகவே இருந்தது, அதை அம்மக்கள் கற்றும் இருந்தனர், கற்க இயலாததாக அமைந்தது வேறொன்று என்பதை அன்றாட வாழ்வின் சான்றுகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஈழத்தமிழர், நோர்வே, ஃபின்மார்க், துருவ இரவு, மீன் தொழில், ஆறாம் திணை, பிரிவு

முன்னுரை

புலம்பெயர் தமிழ் இலக்கியம் பற்றிய திறனாய்வுகளில் பனி ஒரு நிலையான பாத்திரமாகிவிட்டது. ஐவகை நிலங்களுக்கு அப்பால் பனியும் பனி சார்ந்த இடமும் ‘ஆறாம் திணை’ என வழங்கப்படுகின்றன. இச்சொல்லாட்சி அழகானது. ஆயினும் அது ஆய்வாளரை ஒருவகைச் சோம்பலுக்கு ஆளாக்கியுள்ளது. கதையில் பனி பெய்தால் துயரம் என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த கதைக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. திணைக்கோட்பாட்டில் நிலமும் பொழுதும் முதற்பொருள் மட்டுமே. உணவும் தொழிலும் தெய்வமும் கருப்பொருளாக அமைய, மனிதர்க்கிடையே நிகழ்வது உரிப்பொருளாகிறது. முதற்பொருளோடு நின்றுவிடும் எந்த விளக்கமும் தொல்காப்பிய மரபுப்படியே அரைகுறையானது. மேலும், பிரிவை உரிப்பொருளாகக் கொண்ட பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரிய பெரும்பொழுதாகத் தொல்காப்பியம் கொள்கிறது. குளிரையும் பிரிவையும் இணைத்துப் பார்க்கப் புதியதொரு திணை தேவைதானா என்ற வினாவும் இங்கு எழுகிறது. அது தனியே ஆராயத்தக்கது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது இலக்கியத்தை அன்று, வாழ்வை. வட அகலாங்கு 10 பாகைக்குச் சற்றுக் கீழே பிறந்தவர்கள் 70 பாகையில் வாழக் கற்றதன் வரலாறு இது. தமிழ்நாட்டு ஏடுகள் ‘நார்வே’ என எழுதும் நாட்டை ஈழத்தவர் ‘நோர்வே’ என்றே எழுதுகின்றனர். அங்கு வாழ்பவர் அவர்களாதலால் அவ்வழக்கே இங்குப் பின்பற்றப்படுகிறது.

வந்த வழி

நோர்வேக்கும் யாழ்ப்பாணத்துக்குமான தொடர்பு மீனில்தான் தொடங்கியது. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956ஆம் ஆண்டில் நோர்வேயை அடைந்தார். அங்கு மீன்பிடித் தொழிலைப் பயின்ற அவர், நோர்வே மக்களின் உதவியுடன் 1960களில் யாழ்ப்பாணத்தில் ‘சீநோர்’ நிறுவனத்தை உருவாக்கினார். காரைநகரில் படகுகளும் குருநகரில் வலைகளும் அதன்வழி உற்பத்தியாயின. நோர்வே என்ற பெயர் யாழ்ப்பாணக் கரையோரத்தில் பழக்கமான பெயராக மாற இதுவே வழிவகுத்தது.

1975ஆம் ஆண்டில் நோர்வே அரசு தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதன்பின் திறந்திருந்த சிறுகதவு ‘மக்கள் உயர்பள்ளி’ எனப்படும் கல்விநிலையமாகும். தேர்வும் மதிப்பெண்ணும் இன்றி, விடுதியில் தங்கி ஓராண்டு பயிலும் இப்பள்ளிகள் டென்மார்க்கின் குருண்ட்விக் என்பாரின் கல்விச் சிந்தனையில் தோன்றியவை. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் தரப்படுத்தலால் இடம் கிடைக்காத யாழ்ப்பாண இளைஞர் பலருக்கு இப்பள்ளிகள் நுழைவுவாயிலாயின. 1983 சூலை வன்செயல்களுக்குப்பின் அவ்வரவு பெருகியது. 1980களின் பிற்பகுதியில் மாணவராக அன்றி, புகலிடம் கோருவோராகவே பலரும் வந்தனர்.

தலைநகர் ஒஸ்லோவில் தங்காமல் ஏன் இவர்கள் வடக்கே சென்றனர்? வடகரையின் மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. உள்ளூர் இளைஞரோ படிப்புக்கும் வேலைக்கும் தெற்கு நோக்கி வெளியேறிக்கொண்டிருந்தனர். தொழிற்சாலை சான்றிதழ் கேட்கவில்லை, மொழித்தேர்ச்சியும் கேட்கவில்லை. வார்டோ, வாட்சோ, போட்ஸ்ஃபியோர்ட், ஹொன்னிங்ஸ்வோக், ஹம்மர்ஃபெஸ்ட் முதலிய ஊர்களில் சில ஆண்டுகளுக்குள் தமிழ்க் குடும்பங்கள் கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கையில் அமைந்தன.

இங்கு ஒரு செய்தியைக் கருத்திற்கொள்ள வேண்டும். 1990ஆம் ஆண்டு முதல் ஃபின்மார்க்கிலும் அதை அடுத்த வட துரோம்சிலும் வாழ்வோருக்கு நோர்வே அரசு வருமானவரிச் சலுகையும் கல்விக்கடன் தள்ளுபடியும் வழங்கிவருகிறது. அம்மண்ணில் பிறந்தவர்களையே அங்குத் தங்கவைக்க அரசு விலை கொடுக்க வேண்டியிருந்தது. தமிழர் வெளியேறியதை மட்டும் தனித்த வியப்பாகக் காண்பது பொருத்தமன்று.

வெப்பமானி காட்டாதவை

வடதுருவ வட்டத்துக்கு அப்பால் என்றதும் உறைந்த கடலே மனத்தில் தோன்றும். உண்மை வேறு. அத்திலாந்திக்கின் வெப்ப நீரோட்டத்தின் தொடர்ச்சி ஃபின்மார்க் கரையைத் தழுவிச் செல்வதால் அதன் துறைமுகங்கள் நடுக்குளிர்காலத்திலும் உறைவதில்லை. கரையோர ஊர்களில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சில பாகைகள் மட்டுமே. உள்நாட்டுப் பீடபூமியின் நிலை முற்றிலும் மாறானது. நோர்வேயில் பதிவான மிகக் கடுங்குளிர், அதாவது உறைநிலைக்குக் கீழ் 51.4 பாகை, 1886ஆம் ஆண்டின் முதல் நாளில் இதே மாவட்டத்தின் காராஷோக்கில் அளக்கப்பட்டது. தமிழர் வாழ்ந்ததோ கரையில். அவர்களை வருத்தியது வெப்பமானியின் எண்ணைவிடக் காற்றும் இருளுமே.

குளிரைக் கற்றல் உடையில் தொடங்குகிறது. வெப்பநாட்டில் பருத்தி நற்பண்புடையது, வியர்வையை உறிஞ்சி உடலைக் குளிர்விக்கும். குளிர்நாட்டில் அப்பண்பே குற்றமாகிறது. நடந்தால் வியர்க்கும், நின்றால் அந்த ஈரம் உடலோடு ஒட்டிக் குளிரும். புதிதாக வந்தவர் பருத்திச் சட்டைக்கு மேல் கனத்த மேலங்கி ஒன்றை அணிந்து நடுங்குவார். உள்ளூரவர் தோலோடு ஒட்டிய மெல்லிய கம்பளி உள்ளாடையும், அதன்மேல் ஒன்றும், காற்றுத் தடுக்கும் மேலுறை ஒன்றுமாக அடுக்கி அணிந்து நடுங்காமல் செல்வார். வானிலையில் தீயது என்று ஒன்றில்லை, உடையில்தான் உண்டு என்ற பொருளில் நோர்வேயரிடம் ஒரு பழமொழி வழங்குகிறது. வந்தவர்க்கு அது முதலில் கேலியாகவே தோன்றக்கூடும். ஆயினும் அது அனுபவத்தில் பிறந்த ஒரு செய்முறைக் குறிப்பு.

உடையை அடுத்து நடை. உறைந்த சாலையில் நீண்ட அடி வைத்தல் ஆகாது. முழங்காலைச் சற்று மடக்கி, உடலின் எடையை முன்காலின்மீது வைத்து, சிற்றடியாக நடக்க வேண்டும். காலணிக்கு அடியில் மாட்டும் முள்தகடுகளும், இருளில் வண்டி ஓட்டுவோர் காணும்படி மேலங்கியில் தொங்கவிடும் ஒளிதிருப்பும் வில்லைகளும் அன்றாடப் பொருள்களாயின.

வீடு பற்றிய கற்றல் கலப்பானது. வாயிலில் இரட்டைக் கதவும் இடையே சிறு அறையும் அமைந்திருப்பது புதிது. அங்கே காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவதோ யாழ்ப்பாணத்தவர்க்குப் பழையது. ஐரோப்பாவின் பல நாடுகளில் காலணியோடு வீட்டுக்குள் நடப்பதைக் கண்டு மனம் சுளிக்கும் தமிழர்க்கு நோர்வே வீடு இவ்வகையில் அயன்மையாக இல்லை. சூடேற்றிய அறையின் வறண்ட காற்றில் தோல் வெடித்தது. தேய்க்க எடுத்த தேங்காயெண்ணெய் புட்டிக்குள் கட்டியாகக் கிடந்தது. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறையும் என்பதை யாழ்ப்பாணத்தில் அறிய வேண்டிய தேவை பெரும்பாலும் நேர்ந்திராது.

அவ்வீடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1944ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய செருமானியப் படை ஃபின்மார்க்கையும் வட துரோம்சையும் எரித்துச் சாம்பலாக்கியது. ஏறத்தாழ 50,000 பேர் தெற்கே கட்டாயமாக அகற்றப்பட்டனர். போருக்குப்பின் திரும்பி வந்து ஒரே பாங்கில் கட்டிய எளிய மரவீடுகளே இன்றும் அவ்வூர்களின் தோற்றத்தைத் தீர்மானிக்கின்றன. எரிந்த ஊரிலிருந்து வந்த தமிழர், எரிந்து மீண்ட ஊர்களில் வாடகைக்கு அமர்ந்தனர். ஊரின் முதியோர் தாமும் ஒருகாலத்தில் ஏதிலிகளாக இருந்தவர்கள். இப்பொதுமை இரு தரப்பாரிடையே உரையாடலாக வளர்ந்திருக்கக்கூடும். மொழி அதற்கு இடந்தரவில்லை.

ஞாயிறு எழாத தைப்பொங்கல்

ஹம்மர்ஃபெஸ்ட்டில் நவம்பர் மூன்றாம் வாரத்தின் பிற்பகுதியில் மறையும் ஞாயிறு ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான் மீளும். இவ்விரு மாதமும் முழு இருள் எனல் தவறு. நண்பகலை ஒட்டிச் சில மணிநேரம் நீலநிற அந்தியொளி பரவும். பின்னர் அதுவும் மங்கும். மே மாத நடுப்பகுதி முதல் சூலை இறுதிவரை இதற்கு நேர்மாறாக ஞாயிறு அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை.

தமிழரின் நாளும் கோளும் ஞாயிற்றை நம்பியவை. பகற்பொழுதை எட்டாகப் பகுத்துக் கணிக்கப்படும் இராகுகாலம், பகலே இல்லாத நாளில் கணக்கிற்கு அடங்காது. விளக்கு வைக்கும் நேரம் என்ற சொல் சூலையில் பொருளிழக்கும். திசம்பரில் அது நண்பகலிலேயே வந்துவிடும். கார்த்திகை விளக்கீடு அவ்விருளின் தொடக்கத்தோடு இயல்பாகவே பொருந்தியது. நோர்வேயரும் கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரங்களில் சாளரந்தோறும் விளக்கும் தாள் விண்மீனும் வைப்பர். தெருவிலிருந்து பார்க்க இரு வழக்கங்களுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் தைப்பொங்கல்? ஞாயிற்றுக்குப் படைக்கும் அத்திருநாள் ஜனவரி 14 அல்லது 15இல், துருவ இரவு முடியச் சில நாள்கள் இருக்கும்போதே வந்துவிடுகிறது. முற்றத்தில் கோலமிட்டு, கிழக்கு நோக்கி அடுப்பு மூட்டி, எழும் கதிருக்குப் படைப்பது வழக்கம். இங்கு முற்றம் பனிக்குள், அடுப்பு மின்னடுப்பு, கதிர் அடிவானத்துக்குக் கீழே.

ஞாயிற்றை வரவேற்கும் சடங்கு அம்மண்ணுக்கும் உண்டு என்பது இங்குக் குறிக்கத்தக்கது. வார்டோவின் பழைய கோட்டையிலிருந்து, நீண்ட இருளுக்குப்பின் ஞாயிற்றின் முழுவட்டம் தென்படும் நாளில் பீரங்கி முழங்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும். வடபுலத்தின் பல ஊர்களில் அந்நாளில் ஞாயிற்றின் பெயரால் இனிப்பு ரொட்டி உண்பர். பொங்கலுக்கும் இதற்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு வாரமே. இரண்டும் ஒரே விழாவின் இரு வடிவங்கள் என ஒப்பாய்வாளர் எழுதிவிடலாம். வாழ்ந்தவர்க்கு அவை இரண்டாகவே இருந்தன. ஒன்றைக் குடும்பத்தோடு கதவுக்கு உள்ளேயும் மற்றொன்றைப் பிள்ளைகள் பள்ளியிலும் கொண்டாடினர்.

ஒரு சொல்லும் பல பனியும்

தமிழில் பனி என்ற ஒரே சொல் இலைமேல் நிற்கும் நீர்த்துளியையும், விடியற்காலை மூட்டத்தையும், கண்ணில் துளிர்க்கும் நீரையும், குளிரையும், நடுக்கத்தையும் குறிக்கும். சங்க காலம்தொட்டு அதன் பொருட்பரப்பு விரிந்தே இருந்தது. ஆனால் அது வெள்ளையாகக் கொட்டி முழங்கால் உயரம் நிற்கும் பொருளுக்கு ஏற்பட்ட சொல் அன்று. நோர்வே மொழி இவ்விடத்தில் நுண்மையானது. காலடியில் குழையும் பாதி உருகிய பனிச்சேறு ‘ஸ்லாப்ஸ்’. மேற்பரப்பு கண்ணாடிபோல் உறைந்து வழுக்கும் நிலை ‘ஹோல்க’. மேலே ஓடுபோல் இறுகிய பனி ‘ஸ்கார’. காற்றில் தரையோடு பறந்து பாதையை மறைப்பது ‘ஃபொக்’.

இவை அகராதிச் செல்வம் அல்ல, உயிர்காக்கும் அறிவு. எந்நிலையில் எக்காலணி, எப்போது வண்டியை எடுக்கலாகாது, எப்போது பிள்ளையைப் பள்ளிக்குத் தனியே அனுப்பலாகாது என்பதெல்லாம் இச்சொற்களுக்குள் அடங்கியுள்ளன. இவற்றுக்குத் தமிழில் பெயர் இல்லாததால் தமிழ் வாக்கியங்களுக்குள் நோர்வேச் சொற்களே நுழைவது இயல்பு. தமிழ்மொழித் தூய்மை பேசுவோர் இதனைக் குறை கூறுவர். ஒரு நிலத்தின் கருப்பொருளுக்கு அந்நிலத்தின் சொல்லே வந்து சேர்வது மொழிவரலாற்றில் இயல்பானதே. ஈழத்தவர் பேச்சில் போர்த்துக்கீசச் சொல்லும் ஒல்லாந்தச் சொல்லும் நுழைந்தபோதும் நிகழ்ந்தது இதுவே. தமிழுக்குச் சொல் போதாமல் போனது வானிலையில் மட்டும்தானா என்பதே ஆராயத்தக்க வினா.

அவ்வினாவை எதிர்கொண்ட எழுத்து நோர்வேயிலேயே தோன்றியது. 1980களின் இறுதியிலும் 1990களிலும் அங்கிருந்து வெளிவந்த ‘சுவடுகள்’, பெண்களின் இதழான ‘சக்தி’ ஆகியவை புலம்பெயர் சிற்றிதழ் வரலாற்றில் இடம்பெற்றவை. அவற்றை இலக்கியமாக மட்டுமன்றி அன்றாட வாழ்வின் ஆவணமாகவும் வாசிக்கும் முயற்சி இன்னும் போதிய அளவில் நடைபெறவில்லை.

மீன் மேசை

குளிர்கால மாதங்கள் வடகரைக்கு மீன்வளம் மிக்க மாதங்கள். பாரன்ட்ஸ் கடலிலிருந்து கரைநோக்கி வரும் காட் மீனே அவ்வூர்களின் வாழ்வாதாரம். தொழிற்சாலையில் மீனின் தலை நீக்கி, பிளந்து, முள்ளெடுத்து, துண்டமாக்கி, பனிக்கட்டியிட்டு அடைக்கும் வேலை நாள் முழுவதும் நின்றபடியே செய்யப்பட்டது. தரை ஈரம், தண்ணீர் குளிர், கத்தி கூர்மை. வெளியே வீசும் காற்றைவிட உள்ளே கையுறைக்குள் புகும் ஈரமே எலும்பைத் தொட்டது. எந்திரங்களின் இரைச்சலில் காதடைப்பான் அணிந்து வேலை செய்வோர் பேசிக்கொள்ள இயலாது. வேலை எளிதில் கிடைத்ததற்குக் காரணம் மொழி தேவைப்படாமையே. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் வேலை செய்தும் மொழி வளராமல் போனதற்கும் காரணம் அதுவே. இம்முரணைக் குடியேற்றத் திட்டம் வகுத்தோர் முன்கூட்டி உணர்ந்ததாகத் தெரியவில்லை.

மேசையைச் சுற்றி நின்றவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணச் சாதியமைப்பில் மீன்பிடித்தல் கரையார் உள்ளிட்ட கரையோரச் சமூகங்களுக்கு உரிய தொழிலாகக் கருதப்பட்டது. நிலவுடைமையின் பெருமையில் வாழ்ந்த வேளாளக் குடும்பங்கள் மீனை உண்டன, அறுத்துப் பிழைக்கும் தொழிலை மதிக்கவில்லை. வார்டோவிலும் போட்ஸ்ஃபியோர்டிலும் அனைவரும் ஒரே வெள்ளை மேலங்கியும் ஒரே நீள்காலணியும் அணிந்து ஒரே மேசையில் நின்றனர். ஊதியமும் ஒன்றே. இதனால் சாதி மறைந்தது எனக் கூறலாகாது. திருமணப் பேச்சில் அது உயிரோடு இருந்ததைப் புலம்பெயர் வாழ்வு பற்றிய ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. எனினும் தொழிலோடு பிணைந்த இழிவு அம்மேசையில் பொருளற்றுப்போனது. ஊரில் உள்ளோர்க்கு எழுதிய மடல்களில் ‘கொம்பனியில் வேலை’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டோர் எத்தனை பேர் என்பது வரலாற்றுக்கு எட்டாத செய்தி.

பெண்களுக்கும் இம்மேசை பலருக்கு வாழ்வின் முதல் ஊதியத்தைத் தந்தது. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்ல, குழந்தை நாள்முழுதும் மழலையர் காப்பகத்தில் வளர்ந்தது. அங்குக் குளிர்காலத்திலும் குழந்தைகளைப் பொதிந்து வெளியே தள்ளுவண்டியில் உறங்கவைப்பது வழக்கம். தாயின் கலக்கத்தை ஊகிக்க இயலும். சளி பிடிக்கும் எனப் பனிக்காற்றிலிருந்து தலையை மூடிக் காக்கும் மரபில் வந்தவருக்கு, தூய குளிர்காற்றே குழந்தைக்கு மருந்து எனும் மரபு எளிதில் ஏற்கத்தக்கதன்று. ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு அங்கு வளர்ந்த தலைமுறையே சான்று.

உணவில் இரு கடல்களும் அருகருகே வந்தன. யாழ்ப்பாணத்தவர் கருவாட்டை உப்பிலும் வெயிலிலும் காய்ச்சுகின்றனர். வடநோர்வேயர் காட் மீனை உப்பே இடாமல், பெரும் மரச்சட்டங்களில் இணைஇணையாகத் தொங்கவிட்டு, பெப்ரவரி முதல் மே வரை குளிர்காற்றில் உலர்த்துகின்றனர். வெயில் செய்யும் வேலையைக் குளிர் செய்கிறது. அரிசியும் மிளகாய்த்தூளும் தொலைவிலிருந்து வரவேண்டியிருப்பினும் மீன் குறைவின்றிக் கிடைத்தது.

அதே மீனின் ஈரல் எண்ணெய்தான் இருண்ட மாதங்களுக்கு நோர்வேயர் கண்ட மருந்து. பெயரில் ‘ர்’ ஒலி வரும் மாதங்களில், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, நாள்தோறும் ஒரு கரண்டி அருந்த வேண்டும் என்பது அவர்களின் வீட்டுவழக்கு. வெயில் படாத தோல் உயிர்ச்சத்து ‘டி’யை உண்டாக்காது. கருநிறத் தோலுக்கு இக்குறை இன்னும் மிகுதி. நோர்வேயில் வாழும் இலங்கையரையும் இலங்கையில் வாழ்வோரையும் ஒப்பிட்டு 2008ஆம் ஆண்டில் வெளியான மருத்துவ ஆய்வு, முன்னவரிடம் இச்சத்து மிகவும் குறைந்திருப்பதை உறுதிசெய்தது. நாள்தோறும் காட் மீனைக் கையால் அறுத்தோர் பலருக்கு அதன் ஈரல் எண்ணெயின் தேவையை எவரும் தக்க காலத்தில் எடுத்துரைத்திருக்க வாய்ப்பில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

மருத்துவ நிலையத்தின் வாயில்

ஃபின்மார்க் தமிழர் வாழ்வை மானிடவியல் நோக்கில் ஆராய்ந்தவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒய்விந் ஃபுக்லெரூட் 1999ஆம் ஆண்டு நூலில் நோர்வேத் தமிழரின் அரசியலையும் சமூக உறவுகளையும் விரிவாக எழுதினார். ஆன்ன சிக்ஃப்ரிட் கிரோன்செத் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், வடகரையின் மீன்பிடி ஊர் ஒன்றில் தங்கிச் செய்த கள ஆய்வின் பயன். தொலைந்த தன்னிலைகள், தனித்த மனிதர்கள் என்ற பொருள்பட அந்நூலின் தலைப்பு அமைந்துள்ளது. ஊர்ப் பெயர் மாற்றப்பட்டுள்ளது.

கிரோன்செத்தின் ஆய்வு ஒரு புதிரில் தொடங்குகிறது. தமிழர் மருத்துவ நிலையத்துக்கு அடிக்கடி வந்தனர். உடம்பு முழுதும் வலி, தலைவலி, களைப்பு, தூக்கமின்மை என்றனர். ஆய்வுக்கூடச் சோதனைகளில் எதுவும் புலப்படவில்லை. மருத்துவர் வலிநீக்கி தந்தார், ஓய்வு பரிந்துரைத்தார். நோயாளர் மீண்டும் வந்தனர். மொழித்தடை ஒருபுறமிருக்க, உடலுக்கு ஒன்று மனத்துக்கு ஒன்று எனப் பிரித்துக் காணும் மருத்துவமும், இரண்டையும் உறவுகளோடு சேர்த்தே உணரும் மக்களும் ஒருவரையொருவர் கடந்து சென்றதை அவர் காட்டுகிறார். கூட்டாகச் செய்யும் சடங்கும், உறவினர் சூழலும், தம்மை மதிக்கும் சமூகமும் அற்ற நிலையில் உடலே பேசத் தொடங்கியது என்பது அவர் முடிபின் சாரம்.

இம்முடிபைத் தமிழ் வழக்கோடு பொருத்திப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் வீட்டுக்கு மற்றொருவர் சொல்லாமல் வருவார். படலையைத் திறந்து அழைத்தபடி நுழைவார். தேநீர் வரும். துன்பத்தைக் கேட்க எவரும் தனியாக வருவதில்லை, வந்தவரிடம் அது தானாக வெளிப்படும். ஃபின்மார்க்கில் முன்கூட்டிச் சொல்லாமல் வருவது முறையன்று எனக் கருதப்பட்டதா, அல்லது காற்றும் இரட்டைக் கதவும் அதைத் தடுத்தனவா என்பதைப் பிரித்தறிவது கடினம். எதுவாயினும் விளைவு ஒன்றே. படலையின் வேலையைச் செய்ய எதுவும் இல்லை. ஊரில் சொல்லாமல் நுழையத்தக்க ஒரே கதவு மருத்துவ நிலையத்தின் கதவாக இருந்தது என்று கொண்டால், சோதனையில் தென்படாத அவ்வலிகளுக்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது.

தெற்கு நோக்கி

1989ஆம் ஆண்டு ஏப்ரலில் கரையோரக் காட் மீன்பிடிப்பு பருவம் முடியுமுன்பே நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் பிடியளவு கடுமையாகக் குறைக்கப்பட்டது. வளம் பின்னர் மீண்டாலும் தொழிற்சாலைகளின் நிலை உறுதிப்படவில்லை. 2000களின் தொடக்கத்தில் பல நொடித்தன. வேலை குறைந்தது வெளியேற்றத்தின் ஒரு காரணம். ஆயினும் வேலை இருந்தபோதே, 1990களின் பிற்பகுதியிலேயே, குடும்பங்கள் ஒஸ்லோவுக்குச் செல்லத் தொடங்கியிருந்தன.

பிள்ளைகள் வளர்ந்திருந்தனர். மேற்படிப்புக்கு எப்படியும் தெற்கே செல்ல வேண்டும். தமிழ் கற்பிக்கும் வாரஇறுதிப் பள்ளிகள் ஒஸ்லோவில் வலுவாக இருந்தன. பரதநாட்டியமும் மிருதங்கமும் கற்பிப்போர் அங்கு இருந்தனர். முருகனுக்குக் கோவில் அங்கு எழுந்தது. பூப்புனித நீராட்டுக்கும் திருமணத்துக்கும் இறப்புக்கும் கூடும் உறவினர் அங்குத் திரண்டிருந்தனர். குரூருட் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் ஒரு குடும்பம் வீடு வாங்கினால் அடுத்த ஆண்டில் அதன் உறவுக் குடும்பம் அருகில் வரும். யாழ்ப்பாணம் குருநகரைப் பிறப்பிடமாகக் கொண்டோர் முதல் வன்னியிலிருந்து வந்தோர்வரை இவ்வாறே சேர்ந்தனர். மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, முதலில் ஹம்மர்ஃபெஸ்ட்டிலும் பின்னர் ஒஸ்லோவிலும் வளர்ந்த கம்சாயினி குணரத்தினம் 2015ஆம் ஆண்டில் ஒஸ்லோவின் துணை நகரத்தலைவரானார். அவரது பாதையின் தொடக்கமும் வடகரையே.

ஏன் சென்றீர்கள் என வினவிய உள்ளூர் அண்டை வீட்டாருக்கும் வேலை கொடுத்தோருக்கும் குளிர் என்பது வசதியான விடை. அது எவரையும் புண்படுத்தாது. உங்கள் ஊரில் எங்களுக்குப் பேச ஆளில்லை என்று பத்தாண்டு உடன் வாழ்ந்தவரிடம் சொல்வது எளிதன்று. வினவியவர்க்கும் அவ்விடை நிறைவளித்தது, ஏனெனில் வானிலைக்கு எவரும் பொறுப்பில்லை. பின்னர் அவ்விடையே செய்தித்தாள்களுக்கும், அவற்றிலிருந்து ஆய்வுரைகளுக்கும் சென்றிருத்தல் கூடும். வானிலைப் பதிவுகளை ஒப்பிட்டால் அதன் வலுவின்மை தெரியும். ஒஸ்லோவின் ஜனவரிச் சராசரி வெப்பநிலைக்கும் ஃபின்மார்க் கரையின் சராசரிக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓரிரு பாகையே. கோடை ஒஸ்லோவில் வெப்பமானது, ஒளியும் ஆண்டு முழுதும் நாள்தோறும் உண்டு, இவற்றை மறுக்கவியலாது. ஆனால் குளிருக்கு அஞ்சியவர் சென்றடைந்தது குளிரற்ற ஊரை அன்று.

எல்லோரும் செல்லவில்லை. 1944இல் அழிந்து 1958ஆம் ஆண்டில் மீண்டும் கட்டப்பட்ட ஹம்மர்ஃபெஸ்ட்டின் புனித மிக்கேல் ஆலயம் உலகின் மிக வடக்கே அமைந்த கத்தோலிக்கப் பங்குக் கோவில்களுள் ஒன்று. அதன் பங்குமக்களுள் யாழ்ப்பாணக் கத்தோலிக்கரும் இடம்பெற்றனர். மீன் மேசையில் தமிழர் விட்டுச்சென்ற இடங்களில் போலந்து, லித்துவேனிய நாட்டவர் பின்னர் வந்து நின்றனர். தைப்பொங்கலன்று ஒஸ்லோவில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப்பின் எழுந்து பிற்பகல் நான்குக்கு முன் மறைகிறது. வடகரையில் எஞ்சிய குடும்பங்கள் அன்றும் விளக்கொளியில்தான் பொங்க வேண்டும்.